சத்தத்தை வைத்தே சொல்லிவிடுபவர்

யார் வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் எங்கிருந்தோ வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். தலையைச் சாய்ப்பார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார், எதையும் தொட்டுப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார். குடவாசல் பஞ்சநாதன் அதில் அசல் ரகம். வயலில் பம்புசெட் எஞ்சினோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவர். உலகத்தில் எந்த எஞ்சின் ஓடினாலும் அது தன் பம்புசெட்டுக்குப் பங்காளி என்பது அவர் எண்ணம்.

அவருடைய பழைய பெட்ரோல் கார் சில நாளாகத் திக்கித் திக்கி ஓடியது. "பெட்ரோல்ல தண்ணி" என்றார். டேங்கைக் கழுவினார்கள். திக்கல் போகவில்லை. "அப்ப கார்புரேட்டர். நான் அப்பவே நினைச்சேன்." அதையும் கழற்றி மாட்டினார்கள். மெக்கானிக் நெய்னா முகம்மது பொறுமைசாலி. எஞ்சினை ஓடவிட்டு ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மூன்றாவதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லை. அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

"வால்வு கருகியிருக்குண்ணே. எஞ்சின் மேல இருக்கிற ஹெட்டைக் கழட்டணும்."

"அதத்தானே பாய் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவசரம் வேறு. ஞாயிற்றுக்கிழமை நன்னிலத்தில் தங்கை சந்திரலேகாவின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப்போகும் தாய்மாமன் இவர்தான். சொந்தக் காரில் சீரோடு வருவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பிள்ளையில்லாத மனிதர், அந்த ஒரு முகூர்த்தத்துக்காக உண்மையிலேயே ஏங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பாய் வால்வை மாற்றி, இடையில் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கட் தகட்டை வைத்து, ஹெட்டை ஏற்றினார். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, "தொடாதீங்கண்ணே, தொழுதுட்டு வந்துடுறேன்" என்று ஜும்மாவுக்குப் போனார். இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்? பஞ்சநாதன் ஸ்பேனரை எடுத்தார். நடுவிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக, இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்கவேண்டிய ஹெட்டை, பம்புசெட்டுக்குச் செய்வதுபோல ஓர் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கித் தள்ளினார்.

பாய் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. "கேஸ்கட் நசுங்கிடுச்சுண்ணே. கும்பகோணத்துலேர்ந்து வேற வரணும். திங்கக்கிழமை ஆயிடும்."

ஆகவே ஞாயிறு காலை வாடகைக் கார். நன்றாகத்தான் ஓடியது. பாதி வழியில் பஞ்சநாதனின் தலை சாய்ந்தது.

"தம்பி, ஓரங்கட்டு. ஒரு சத்தம் வருது."

"ஒண்ணும் கேக்கலியே சார்."

பானெட் திறந்தது. முக்கால் மணி நேரம் கேட்டார், குனிந்து கேட்டார், எஞ்சினை அணைத்துக் கேட்டார், மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். கடைசியில் வண்டியை நகர்த்தியபோதுதான் தெரிந்தது: பின்னால் சீர்த் தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

நன்னிலம் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. பஞ்சநாதனின் தம்பி சேரனின் மடியில் குழந்தை, காதில் புதுத் தோட்டோடு வீறிட்டுக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்ண்ணே பாக்குறது" என்றாள் சந்திரலேகா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

பஞ்சநாதன் சீர்த்தட்டைக் கீழே வைத்தார். குழந்தையின் பக்கம் மெல்லத் தலை சாய்ந்தது.

"இது காது வலி இல்லம்மா. பசி. பால் குடு."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மூன்றாவது சிலிண்டர் என்று படித்தபோதே, 'வால்வா? இக்னிஷன் காயிலாக இருக்கும்' என்று உங்களுக்குள் ஒருவர் முணுமுணுக்கவில்லையா? பஞ்சநாதனாவது சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.