மச்சான் உருவாத பிளக்

நான் அழித்தது என் மனைவியின் பாட்டுகளை. பழி போட்டது அவள் அண்ணன் மேல். இரண்டில் எது பெரிய பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். பங்குச் சாமியார் இருமுவதுபோல் சிரித்தார்.

ஓய்வு பெற்றதும் எனக்குச் சர்வர் பைத்தியம் பிடித்தது. திருக்காட்டுப்பள்ளி வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக்கி, ஆளுக்கொரு ஹோம் டைரக்டரி, அதாவது அவரவர் ஃபைல்கள் குடியிருக்கத் தனி வீடு, பட்டா போட்டுக் கொடுத்தேன். (பட்டா கேட்டது யார் என்று கேட்காதீர்கள். யாரும் கேட்கவில்லை.)

ஸ்டெல்லா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறாள். பெரிய வெள்ளிக்குத் தானே மெட்டமைத்த பாட்டுகளைப் போனில் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சர்வருக்கு மாற்றினேன். "இனிமே போன்ல எதுக்கு? இங்க பத்திரமா இருக்கு, அழிச்சிடு" என்றேன். அழித்தாள். என் பேச்சை அவள் உடனே கேட்டது அந்த ஒரு முறைதான்.

அப்புறம் கன்டெய்னர் என்பதைக் கற்றேன். சர்வருக்குள்ளேயே வரப்பு கட்டிப் பிரித்த வயல் மாதிரி அது. உள்ளே என்ன கூத்தடித்தாலும் பக்கத்து வயலுக்குத் தெரியாது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சோதனைக்கு ஒன்றை உருவாக்கி, நிஜம்போலவே இருக்கட்டும் என்று எல்லோருடைய ஹோம் டைரக்டரிகளையும் அதற்குள் இணைத்தேன். நகலை அல்ல, அசலையே. வரப்பைக் கட்டிவிட்டு மடையைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது உறைக்கவில்லை. ஒரு பயனரை நீக்கிப் பழகலாமே என்று 'ஸ்டெல்லா'வை வீட்டோடு சேர்த்து நீக்கினேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. என்ன வேகம் என்று கைதட்டினேன்.

மாலையில் அவள் பாட்டுகளைத் தேடினாள். அசல் சர்வரில் பார்த்தேன். அங்கேயும் வீடு இல்லை. (பேக்கப்பா? எடுப்பதாகத்தான் இருந்தேன்.)

அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் சவரிமுத்து, எங்களுக்குக் கொண்டுவந்த உளுந்தை இறக்கிவிட்டு, சர்வர் பக்கத்தில் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், இந்தச் சர்வர் பிளக்கை நீங்க உருவுனீங்களா?"

"உருவியிருப்பேனோ என்னவோ, மாப்பிள்ளை" என்றார், பாவம்.

அந்த 'என்னவோ'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிளக்கை உருவியதில்தான் பாட்டுகள் அழிந்தன என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஸ்டெல்லா அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள். அவர் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில், தங்கை கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் நின்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பூசை முடிந்ததும் பாடகர் குழு முன்னாலேயே உண்மையைச் சொன்னேன்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணே, சாப்பிட வாங்க" என்றாள். என்னைக் கூப்பிடவில்லை.

பரிகாரமாக, அவள் சமையலறையில் முணுமுணுத்ததை நினைவிலிருந்து பாடிக் காட்டினேன். என் குரலைக் கேட்கப் பொறுக்காமல் "ஐயோ, அப்படி இல்லைங்க" என்று அவள் பாடித் திருத்துவாள். அந்த ஆத்திரத்தில் அசல் மெட்டு தானாக வந்துவிடும். உடனே பதிந்துகொள்வேன். ஒரு பாட்டு மட்டும் எவ்வளவு ஆத்திரப்பட்டும் வரவில்லை. பெரிய வெள்ளியன்று என் தப்பு மெட்டையே ஊர் கண்ணீரோடு பாடியது.

இப்போதும் கரண்ட் போய் ஊரே இருண்டால் ஸ்டெல்லா அண்ணனுக்குப் போன் போடுவாள். "ஏண்ணே, பிளக்கை உருவிட்டீங்களா?"

ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். "உருவியிருப்பேனோ என்னவோம்மா. எதுக்கும் மாப்பிள்ளையைக் கேளு."