தையல்காரர் நட்ட கோணல் காடு

ஞாயிற்றுக்கிழமை போர்வைக்குள் தொடங்கிப் போர்வைக்குள்ளேயே முடிய வேண்டும் என்பது தையல்காரரின் கொள்கை. வாரமெல்லாம் ஊரார் உடம்பை அளவெடுக்கிற மனுஷன், ஒருநாள் தன் கட்டிலை அளவெடுத்தால் என்ன தப்பு? அந்தக் கொள்கையில் சனிக்கிழமை சாயங்காலம் கத்தரி விழுந்தது.

"நாளைக்கு நீங்களும் சரிவுக்கு வர்றீங்க," என்றாள் மனைவி.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் நிறைய வாண்டுகளைக் கண்ணாடி வழியாக ஒரே ஒரு முறைப்பில் உட்கார வைப்பவள். ஊருக்குப் பின்னால் மொட்டையாகக் கிடக்கும் மலைச்சரிவில் மறுபடியும் காடு வளர்க்கக் கிளம்பிய கூட்டத்துக்கும் அவள்தான் தலைவி. கூலி கிடையாது, கைதட்டல்கூடக் கிடையாது. இந்த மண்ணிலேயே காலங்காலமாக வளர்ந்த மரங்களின் விதைகளைப் பொறுக்கி வந்து, பால் பாக்கெட்டில் மண் நிரப்பிக் கன்றாக்கி நடுவார்கள். கன்றுகளில் பாதி தையல்காரர் வீட்டுக் குளியலறையில்தான் வளர்ந்தன. மாசக்கணக்கில் அவர் ஒற்றைக் காலில் நின்று குளித்தார். தவம் என்று சொல்லலாம். வரம்தான் கிடைக்கவில்லை.

வரமாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. போன மழையில் அந்தச் சரிவு கரைந்து தெருவெல்லாம் சேறாக ஓடி, அவர் கடைக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. மெஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்தவர்களும், வாளி வாளியாகச் சேற்றை அள்ளிக் கொட்டியவர்களும் இதே கூட்டத்து ஆட்கள்தான். அடுத்த மழைக்குள் கன்றுகள் வேர் பிடிக்காவிட்டால் மறுபடியும் அதே சேறுதான். எல்லாம் அவருக்குத் தெரியும். நன்றி அவர் நெஞ்சில் நிறைய இருந்தது. முதுகு மட்டும் அதில் பங்கு கேட்கவில்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். போக வேண்டியது. கன்றுக்கு ஒரு கேடும் வராமல், ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றுகிற மாதிரி நட வேண்டியது. 'இந்த ஆளை இனிமேல் கூட்டி வராதீங்கம்மா' என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் ஞாயிறு அவருடையது.

மறுநாள் சரிவில் அவரைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் மனைவி சொன்னாள்.

"நூல் பிடிச்ச மாதிரி வரிசையா நடணும். ஒண்ணுக்கொண்ணு நல்லா இடம் விடணும். ஒரே ரகமெல்லாம் ஒரே பக்கம். கீழே கெடக்கிற சருகைச் சுத்தமா வாரிடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா," என்றார், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி.

அவள் தலை மறைந்ததும் வேலையைத் தொடங்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவன் வேண்டுமென்றே கோணலாக ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நேர்கோட்டிலேயே பிழைத்த கை. குழியை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தோண்டும்போதெல்லாம் சட்டைக் காலரைத் தலைகீழாகத் தைத்த மாதிரி உறுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினார். குட்டை ரகத்தையும் நெட்டை ரகத்தையும் கலந்து, பஸ்ஸில் கூட்டம் நிற்பது போல நெருக்கி நட்டார். சருகையெல்லாம் அள்ளிக் கன்றுகளின் காலடியிலேயே குவித்தார். நிமிர்ந்து பார்த்தார். கண்றாவியாக இருந்தது. மனசு நிறைந்தது.

முதலில் வந்து பார்த்தவர் கூட்டத்தில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரர். பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு எல்லாரையும் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்க. காடுன்னா இதுதான்."

தையல்காரர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "கோணலா இருக்கேங்க," என்றார்.

"கோணலாத்தானே இருக்கணும்? வரிசையா நட்டா அது தோப்பு. எங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் கை நேராவே போவுது."

"நெருக்கமா வேற வச்சிட்டேன்."

"நெருக்கமா இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு பார்த்து மேல வளரும். பல ரகத்து வேர் பின்னிக்கிட்டாத்தான் மண்ணு இறங்காது. சருகை எப்படிப் போட்டிருக்கார் பாருங்க. ஈரம் அப்படியே நிக்கும்."

"இதெல்லாம் யார் சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான். போன வாரம் எங்களை உக்கார வச்சு வகுப்பே எடுத்தாங்களே."

கூட்டத்துக்குப் பின்னால் மனைவி ஒரு கன்றுக்கு மும்முரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தையல்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"எனக்கு மட்டும் ஏன் வரிசையா நடச் சொன்னே?"

"கோணலா நடச் சொல்லியிருந்தா நூல் பிடிச்சு நட்டிருப்பீங்க."

"அப்படி இல்லே."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் சொன்னதை என்னிக்குச் செஞ்சிருக்கீங்க? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, பார்ப்போம்."

யோசித்தார். கிடைக்கவில்லை. இவளைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டதுதான் தன் வாழ்க்கையிலேயே தான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று இதுநாள்வரை நம்பியிருந்தார். அதுவும் அவள் யோசனையாக இருக்குமோ என்று இப்போது சந்தேகம் தட்டியது.

சரிவில் இருந்து பார்த்தால் கீழே அவர் கடை தெரிந்தது. சேறு வந்த வழி முழுவதும் பச்சைப் பச்சையாகக் கன்றுகள். தையல்காரர் போய் ரொட்டிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்கல்லாம் வரலேன்னா என் பொழப்பே மண்ணுக்குள்ள போயிருக்கும். நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

"அதான் இன்னிக்கு நட்டுக் காமிச்சிட்டீங்களே."

எதை நினைத்து நட்டோம் என்பதை எண்ணி அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. மனைவி தன் முந்தானையால் அவர் கன்னத்து மண்ணைத் துடைத்துவிட்டாள். அந்த முரட்டுத் துடைப்புக்கும் அவர் மனசுக்குள் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "அடுத்த வாரம் நீங்க வர வேண்டாம். அந்தப் பக்கம் ஒரே பாறை. உங்களால ஆகாது."

"ஏன் ஆகாது?" என்று கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு விடிந்தபோது தையல்காரர் பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மனைவி போர்வைக்குள் இருந்தாள்.