எல்லைச்சாவடியில் வெட்டிய கேக்

பக்குரங்கா,
14 யூலை 1996

மதிப்பிற்குரிய திரு. பெனடிக்ற் அவர்களுக்கு,

நான் நலம். தாங்கள் நலமா என வினவுவது கடித மரபு, ஆகவே வினவுகிறேன். பல்கலைக்கழக விடுதியில் ஓரறையில் இருந்த நாள்முதல் தங்களை 'மச்சான்' என்றே அழைத்து வந்தேன். இக்கடிதத்தில் அச்சொல் இடம்பெறாது.

தாங்கள் இரவல் கொண்டுசென்ற வீடியோ கசற் சென்ற கிழமை என் தபாற்பெட்டியில் கிடந்தது. கதவைத் தட்டவும் தங்களுக்கு நேரமில்லை. அதில் இருந்தது நான் தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்த பழைய ஹொலிவூட் படம்: பியானோ வியாபாரியாக வேடமிட்டு மொஸ்கோவுக்கு வரும் அமெரிக்க உளவாளியையும், அவனைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டு, கண்காணித்துக் கண்காணித்தே காதலில் விழும், சிரிக்கத் தெரியாத பெண் அதிகாரியையும் பற்றிய நகைச்சுவைச் சித்திரம். இருவரும் எல்லைச்சாவடியை அடைகிறார்கள், காவலன் கடவுச்சீட்டைப் புரட்டுகிறான், அவள் முதன்முறையாகச் சிரிக்கத் தொடங்குகிறாள், மறுகணம் பாட்டனி டவுன்ஸிலுள்ள தங்கள் வீட்டில் தங்கள் மகன் ஜெரோஷன் இருபத்தோராவது பிறந்தநாள் கேக்கை வெட்டுகிறான். கைத்தவறு என நம்பியிருப்பேன். ஆனால் பதிவு அழியாதிருக்கவென்றே கசற்றின் விளிம்பிலுள்ள பிளாஸ்ரிக் துண்டை நான் உடைத்திருந்தேன், அந்தத் துவாரத்தின்மேல், மீண்டும் பதியக்கூடியவாறு, செலோரேப் ஒட்டப்பட்டிருக்கிறது. சோவியத் உளவுத்துறைகூட இத்தனை நேர்த்தியாக இயங்கியிராது. அழிந்தது படம் மட்டுமெனில் பொறுத்திருப்பேன். அப்படியொரு விழா நடந்ததே எனக்குத் தெரியாது. நம்மவர் அனைவரும் இருக்கிறார்கள், தங்கள் பல் வைத்தியர்கூட இருக்கிறார், கையில் பாதி கடித்த றோல்ஸுடன். கமெராவுக்குப் பின்னால் தங்கள் மனைவி இவோன் என்னைத் தேடும் குரலும் தங்கள் விடையும் தெளிவாகக் கேட்கின்றன:

"ஏரம்பண்ணையைக் காணேல்ல. நீங்கள் சொல்லேல்லையே?"

"சொன்னா அந்தாள் வந்திருந்து மொஸ்கோப் படத்தைத் தொடக்கத்தில இருந்து சொல்லும். சனம் சாப்பிடாமல் எழும்பிப் போயிடும்."

"பாவமப்பா, தனிய இருக்கிறவர்."

"அப்ப நீர் பக்கத்தில இருந்து கேளுமன். நான் பாதி கேட்டதே போதும்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். பல் வைத்தியரும்.

ஆகவே இனித் தாங்கள் என் வீட்டுக்கு வரவோ தொலைபேசி எடுக்கவோ வேண்டாம். கசற்றை இத்துடன் திருப்பியனுப்புகிறேன். அது இப்போது தங்கள் குடும்பச் சொத்து. ஜெரோஷன் நீடு வாழ்க. அழைத்திருந்தால் நல்லதொரு பேனா வாங்கியிருப்பேன்.

இங்ஙனம்,
சி. ஏரம்பமூர்த்தி

பி.கு.: கசற்றை இணைக்கவில்லை. சாப்பிடும்போது அதைப் போட்டுவிடுகிறேன். வீட்டில் ஆட்கள் இருப்பதுபோல் இருக்கிறது. அந்தப் பெண் எல்லையைக் கடந்தாளா என்பது உமக்குத் தெரிந்திராது. சனிக்கிழமை வீட்டில்தான் இருப்பேன், மச்சான். சுருக்கமாகவே சொல்வேன்.