கடற்குதிரையைத் திருத்திய தகப்பன்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

தங்கள் பத்திரிகையின் அறிவியல் நிருபரைப் பெற்ற தகப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தங்கள் பத்திரிகையின் நலம்தான் கவலையாக இருக்கிறது. அதற்குக் காரணம் நானே என்பதால் இக்கடிதம்.

என் மகள் உயிரியல் படித்தவள் என்பது தாங்கள் அறிந்ததே. ஆறு வருஷம் ஆய்வுக்கூடத்தில் மீனின் செவுளையே பார்த்துவிட்டு, ஒருநாள், "மீனைப் பாக்க நிறைய பேர் இருக்காங்கப்பா, அதைப் புரியுற மாதிரி சொல்லத்தான் ஆளில்ல" என்று உங்களிடம் வேலைக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்தே எனக்குக் குழப்பம். மாடிவீட்டுக்காரர் அவளை டாக்டர் என்று நினைத்து முழங்காலைக் காட்டுகிறார். இல்லை, நிருபர் என்றால் தெருவிளக்கு எரியாததை எழுதச் சொல்கிறார். அது போகட்டும். ஒவ்வொரு கட்டுரையையும் அனுப்புமுன் என்னிடம்தான் வாசித்துக்காட்டுவாள். "உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்பா" என்பாள். புரியலைன்னு சொன்னா முகம் வாடி, சாப்பிடாம மறுபடி எழுத உக்காந்துடுவா. பெத்த மனசு கேக்குமா? ரெண்டு வருஷமா "புரிஞ்சுதும்மா, பிரமாதம்"னே சொல்லிட்டு வரேன்.

இந்த வாரம் கடற்குதிரை. வாசிச்சப்போ வழக்கம்போல வேற யோசனையில தலையாட்டிட்டேன். இன்னைக்குக் காலையில அவ குளிக்கப் போனப்போ கம்ப்யூட்டர் திறந்திருந்துச்சு. எட்டிப் பாத்தா, ஆண் கடற்குதிரை வயித்துல சுமந்து குட்டி பெத்துச்சுன்னு எழுதியிருக்கா! அலுப்புல தப்பு பண்ணிட்டா, மானம் போயிடுமேன்னு பதினோரு இடத்துல ஆணைப் பெண்ணாக்கி வெச்சேன். சாயந்திரம் மனைவிகிட்ட பெருமையா சொன்னா, "அய்யோ, அதுல ஆண்தாங்க பெறும். அவ வாசிச்சப்போ நானும் பக்கத்துலதானே இருந்தேன், எனக்குப் புரிஞ்சுதே"ங்கறா! அந்த நேரம் பாத்து மக வந்து பையை வெச்சுட்டு, "இனிமே நான் கட்டுரை எழுதப்போறதில்லப்பா"ன்னு அறைக்குள்ள போயிட்டா. உடனே இந்தக் கடிதத்தை எழுத உக்காந்துட்டேன்.

ஐயா, தப்பு அவளோடது இல்ல. ஞாயித்துக்கிழமை இதழ் அச்சாகறதுக்குள்ள அந்தப் பதினோரு பேரையும் ஆணாக்கிடுங்க. அவளை மட்டும் வேலையை விட்டு அனுப்பிடாதீங்க. என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, எளிமையா திட்டினா போதும்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சுக்கூடமும் பிழையின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தலையாட்டிய தகப்பன்

பி.கு. (உறையின் பின்பக்கம்): மகள் இப்போதுதான் அறையிலிருந்து வந்து சொன்னாள். தாங்கள் அவளை அறிவியல் பகுதிக்கே பொறுப்பாளராக்கிவிட்டீர்களாம். இனி மற்றவர்கள் எழுதுவதைத் திருத்துவதுதான் வேலையாம். கடற்குதிரையையும் நான் கை வைப்பதற்கு முன், நேற்றே அனுப்பிவிட்டாளாம். ஆகவே உள்ளே இருப்பதைப் பிரிக்காமலே கிழித்துவிடவும். தபால்தலை ஒட்டிவிட்டபடியால் மட்டுமே அனுப்புகிறேன்.