மின்விசிறி இருந்த மேசை

நீங்கள் பேசும் மொழியைப் படிக்கத் தெரியாது என்று என்றைக்காவது மைக்கில், ஊரே பார்க்க, ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா? நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், சத்தியவேடு பக்கம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. நான் படித்ததோ எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், மாமா வீட்டில் தங்கி, தமிழில். பிறகு சென்னையில் இன்ஜினியரிங். தெலுங்கில் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. (இந்த ரகசியம் பஸ் கண்டக்டர்களுக்கு மட்டும் தெரியும். போர்டைப் பார்க்காமல் அவர்களைக் கேட்டுத்தான் ஏறுவேன்.)

போன வருடம் எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரிய டேட்டா சென்டர், அதாவது ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓடும் கட்டடம், வரப்போகிறது என்றார்கள். மெஷின்களைக் குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும், கரண்ட் போனால் வரிசையாக ஜெனரேட்டர் ஓடும். நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) வேர்க்கடலைக்கு இருப்பது ஒரே போர்க் கிணறு. கோடையில் அதில் தண்ணீர் இருமிக்கொண்டுதான் வரும். பக்கத்து வீட்டு ராணி அக்காவின் பின்சுவருக்கும் அவர்கள் மதிலுக்கும் நடுவில் வெறும் வண்டிப்பாதை.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஊரில் ஒரே பேச்சு: "நம்ம பையன் கம்ப்யூட்டர் படிச்சவன், அவன் பாத்துக்குவான்." நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். என் வேலையே கிளவுட் சப்போர்ட், எங்கோ இருக்கும் டேட்டா சென்டர் மெஷின்களை உட்கார்ந்த இடத்திலிருந்து கவனிப்பது. என் சம்பளம் இதே மாதிரி ஏதோ ஒரு கட்டடத்திலிருந்துதான் வருகிறது என்பது அப்போது மண்டையில் ஏறவே இல்லை.

பந்தலில் இரண்டு மேசை. இரண்டிலும் தெலுங்கில் போர்டு, காகிதம். ஒன்றின் பக்கத்தில் மட்டும் மின்விசிறி சுழன்றது.

"எதுடா நம்மளுது?" என்றார் நைனா.

போர்டை முறைத்துப் பார்த்தேன். போர்டும் என்னை முறைத்தது. "இதுதான். வரிசையா வந்து கையெழுத்துப் போடுங்க!" என்று மின்விசிறியைக் காட்டினேன்.

நாற்பத்தோரு பேர் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது, அடிக்கோடு போட்டு. நாற்பத்திரண்டாவது ஆளாக ராணி அக்கா வந்தார். ஏழாவதுவரை தெலுங்கு மீடியம். பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"டேய், நீ இத படிச்சியா?"

"படிச்சேங்க்கா."

"கட்டடம் வர்றதுல எங்களுக்கு சம்மதம்னு இருக்குதுடா! ஆட்சேபணை அந்த மேசை!"

பந்தல் திரும்பிப் பார்த்தது. நைனா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

மேடைக்கு ஓடினேன். காகிதத்தைக் கிழிக்க முடியாது, தப்பு எப்படி நடந்தது என்று மைக்கில் சொல், ஆளாளுக்கு வாபஸ் எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. சொன்னேன். நல்ல தெலுங்கில், தெலுங்கு படிக்கத் தெரியாது என்று. சிரிப்பு அடங்கவே நேரமானது.

"என்ன வேலை பாக்கறே பாபு?" என்றார் அதிகாரி.

"கிளவுட் சப்போர்ட் சார்."

"அப்ப உன் மெஷினெல்லாம் யார் வீட்டுப் பின்னால இருக்குது?"

மைக்கைக் கீழே இறக்கினேன். ராணி அக்காதான் மைக்கைப் பிடுங்கினார்.

"சார், அவன் வேலையும் இருக்கட்டும், மெஷினும் எங்கியாவது இருக்கட்டும். எவ்ளோ தண்ணி எடுப்பாங்க, எங்க போர்ல எவ்ளோ மிஞ்சும், அத சொல்லுங்க. கொயந்தைங்க படுத்துக்கினு இருக்கற செவுத்துக்கு அந்தாண்ட ஜெனரேட்டர் எதுக்கு சார்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கணக்கு வராமல் முடிவு எடுக்க மாட்டோம் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு நாற்பத்தோரு வாபஸ் கடிதங்களையும் ராணி அக்காவே உட்கார்ந்து தெலுங்கில் எழுதினார். கட்டை விரல் வைப்பவர்களுக்கு மை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (அதற்குப் படிப்பு தேவையில்லை.)

இன்றைக்கும் வீட்டுக்குக் கரண்ட் பில் வந்தால்கூட நைனா கத்துவார்: "அவங்கிட்ட குடுக்காதீங்க, சம்மதம்னு கையெழுத்துப் போட்டுடுவான்!" கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கள்கூட முதலில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறார்கள்.

ஆறு மாதமாக ராணி அக்காவிடம் தெலுங்கு எழுத்துப் படிக்கிறேன். இன்று காலை பஞ்சாயத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரண்டாவது கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை.