கெட்டிமேளத்துக்குப் பதிலாக நாலு இத்தாலியர்கள்

ஒரு குடும்பத்தில் உருப்படாதவன் யார் என்று அறிய வேண்டுமா? கலியாண வீட்டில் கசெட் போடும் பொறுப்பு யாருக்குக் கொடுபட்டிருக்கிறது என்று பாருங்கள், போதும். தொண்ணூறுகளில் மொன்றியலில் மேளக்காரர் கிடைப்பது குதிரைக் கொம்பு. நாதஸ்வரமும் தவிலும் கசெட்டில்தான் வந்து சேர்ந்தன. அக்காவின் கலியாணத்தில் அந்தக் கசெட்காரன் நான்தான்.

அதற்கு முன் நாலு பேரை அறிமுகப்படுத்த வேண்டும்.

மொன்றியலில் யூலை முதலாம் திகதி பாதி ஊரே வீடு மாறும். வேண்டாத சாமான்களை நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள். (சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டுக் கதிரை, மேசை எல்லாம் அப்படி வந்தவைதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியாது.) அப்படித்தான் ஒரு பழைய ரெக்கோட் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே ஓர் இசைத்தட்டு! அட்டையில் வெளிர்நீலக் கோட் போட்ட நாலு பேர், தலையில் எண்ணெய் வழிய, எல்லோரும் ஒரே பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். நியூ ஜேர்சியில் பிறந்து வளர்ந்த இத்தாலியப் பிள்ளைகள் என்று அட்டையின் பின்னால் போட்டிருந்தது. நான் வேலை செய்த பக்டரியில் பாதிப் பேர் இத்தாலியர். ஒருவருக்கும் இவர்களைத் தெரியவில்லை. டவுன்டவுனில் பழைய ரெக்கோட் விற்கிறவரும் உதட்டைப் பிதுக்கினார்.

ஊசியை வைத்தேன். ஐயோ, என்ன குரல்கள்! ஒருவர் தொடங்க, இரண்டாமவர் அவருக்குக் கீழே மெல்ல வந்து சேர, மூன்றாமவர் உச்சிக்குப் போக, நாலாமவர் அடிவயிற்றில் இருந்து 'தூம் தூம்' என்று தாங்கிப் பிடித்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப் பாடியவர்களை உலகம் எப்படி மறந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

பஸ்ஸில் கேட்கப் பாட்டுகளைப் பதிய வெறும் கசெட் தேடினேன். முகூர்த்தத்துக்கென்று கெட்டிமேளம் மட்டும் பதிந்து வைத்திருந்த கசெட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. (என் மூளையும்தான்.) அதில் பதிந்தேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"தம்பி, மாப்பிள்ளையின்ரை அப்பா இருக்கிறாரே, மாமா, அவர் எல்லாத்திலையும் பிழை பிடிக்கிற ஆள். அவையளுக்கு முன்னாலை என்னை வெக்கப்படுத்திப் போடாதை."

"சும்மா இரக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் மண்டபத்துக்குப் போகும்போது, பயம் தெளிய வோக்மனில் என் நாலு பேரையும் கேட்டுக்கொண்டு போனேன். கசெட்டை எடுத்து, அந்தப் பக்கமாகவே பிளேயருக்குள் போட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

பிளேயரின் பொத்தானை அமத்தினேன். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் வந்தது 'தூம் தூம்'.

அரிசி எறியத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. மாமாவின் மீசை துடித்தது எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. நிறுத்தப் பாய்ந்தேன்.

"நிப்பாட்டாதை தம்பி!" என்று ஐயர் கத்தினார். "தாலி கட்டேக்கை சத்தம் நிக்கக் கூடாது! ஆரும் தும்மிப் போடுவினம்! விடு, ஓடட்டும்!"

ஓடியது. மூன்று முடிச்சும் நியூ ஜேர்சி இத்தாலியர்களின் ஆசீர்வாதத்தோடு விழுந்தன. குனிந்திருந்த அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள், அவள் வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டேன் என்று நினைத்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

மாமா அங்கேயும் தேடி வந்துவிட்டார். கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"தம்பி, உந்தப் பாட்டைப் பாடினது ஆர்?"

சொன்னேன்.

"அந்தக் கீழ்க்குரல்காரன் வலு விண்ணன். எனக்கும் ஒரு கொப்பி அடிச்சுத் தாரும்."

வீடியோ வந்த பிறகுதான் தெரிந்தது: அக்கா அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு தாலி வாங்கியிருக்கிறாள். பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கலியாணப் பேச்சு எடுத்தாலும் முதலில் யாராவது 'தூம் தூம்' என்பார்கள்.

அண்மையில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். இந்த முறை ரொறன்ரோவில் இருந்து மெய்யான மேளக்காரர் வந்திருந்தார்கள். எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. கெட்டிமேளம் கூரையை அதிர வைத்தது. தாலி ஏறியதும் நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கினார். தவில் அடியில் இருந்து தாங்கியது. என் நாலு பேரின் பாட்டு! அக்கா அவருக்கு எப்போதோ அனுப்பிப் பழக வைத்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற என் காதருகே அக்கா குனிந்தாள்.

"பயப்பிடாதை தம்பி. இந்த முறை நாங்கள் ரெண்டு பக்கத்தையும் போடச் சொன்னனாங்கள்."