ஓசோன் அறையில் நின்ற மாப்பிள்ளை

தன் உடம்பின் வாடை தனக்குத் தெரியாமல் இருப்பது கடவுள் மனிதனுக்குச் செய்த பெரிய உதவி. என்னிடமிருந்து மட்டும் அந்த உதவியை இரண்டு பெண் வீட்டார் பறித்துவிட்டார்கள்.

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குச் சில வருடங்கள் முன்பு, போர்ட் லூயி துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தேன். மீன், ஆட்டிறைச்சி, வெண்ணெய் எல்லாம் ஒரே கூரையின் கீழ். எந்தச் சோப்புப் போட்டாலும் மீன் வாடை என்னை விடாது. முதல் பெண் வீட்டில் நான் உட்கார்ந்ததும் ஜன்னலைத் திறந்தார்கள். இரண்டாவது வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். (வெள்ளிக்கிழமை பூஜை என்று நினைத்துக்கொண்டேன். அன்று ஞாயிறு.)

அந்தச் சமயத்தில்தான் கிடங்குக்கு ஓசோன் இயந்திரம் வந்தது. வெண்ணெயில் மீன் வாடை ஏறுகிறது என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வந்ததன் பலன். பெட்டிக்குள் மின்சாரம் காற்றை ஓசோனாக மாற்றும். அது அறையில் பரவி நாற்றத்தையும் பூஞ்சையையும் ஒழிக்கும். இயந்திரம் ஓடும்போது யாரும் உள்ளே போகக் கூடாது என்று அதைப் பொருத்த வந்தவர் கண்டிப்பாகச் சொன்னார். அதை மற்றவர்களுக்கு எங்கள் தீவுப் பேச்சான கிரியோலில் விளக்கியவனே நான்தான். ஆனால் எங்கள் டாக்டரோ, கடற்கரையில் ஓசோன் இருக்கிறது, நன்றாக இழுங்கள் என்று நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். கடலில் நல்லது, வெண்ணெய்க்கு நல்லது, எனக்கு மட்டும் ஆகாதா?

மூன்றாவது பெண் வீடு சாந்த் குருவா பகுதியில். பெண் பெயர் வள்ளி. கோயிலில் பார்த்திருக்கிறேன். இவளும் வேண்டாம் என்றால் தாங்க மாட்டேன் என்று பயம். அன்று காலை கோட்டும் டையுமாகக் கிடங்குக்குப் போய், இயந்திரத்தை ஓடவிட்டு, வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். (உள்ளே இருக்கிற வாடையும் போகட்டும் என்று ஆழமாக வேறு இழுத்தேன்.) கண் எரிந்தது, நெஞ்சு இறுகியது. வேலை செய்கிறது என்று மகிழ்ந்து இன்னும் கொஞ்சம் நின்றேன்.

வள்ளி வீட்டு வாசலில் இருமல் பிடித்துக்கொண்டது. குரல் போய்விட்டது. கண்ணில் தாரை தாரையாக நீர். வள்ளி நீட்டிய தேநீரை அழுதுகொண்டே வாங்கினேன். காசநோய் என்றால் குலை நடுங்கிய காலம் அது. அவள் அப்பா நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“ஊ மாலாத்?” என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன்; இருமல் ஆமாம் என்றது. கூட வந்த பெரியப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தேன். “சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் இருமுவான், பயமில்லை” என்று ஒரு பொய்யைச் சொல்லி அவர் என் கதையை முடித்தார்.

வள்ளியின் அப்பா எழுந்துவிட்டார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்போது கதவோரம் நின்ற வள்ளி அப்பாவிடம் கிரியோலில் மெதுவாகச் சொன்னாள்:

“பாப்பா, அவர் எக்ஸ்ரே எடுத்துட்டு வரட்டும். நல்லா இருந்தா எனக்குச் சம்மதம்.”

எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று மாமனார் பிடிவாதம் பிடித்தார். நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை, மஞ்சள், தேங்காய்க்கு நடுவே என் விலா எலும்புகள். பூசாரி, தட்டில் இருப்பதெல்லாம் மங்கலப் பொருள் என்று அதற்கும் குங்குமம் வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மீன் வாடை பற்றி வள்ளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோயிலிலேயே அவளுக்குத் தெரியுமாம். மீன் வாடை அடித்தால் ஆளுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தமாம். பெண் பார்க்க அன்று வாடையே இல்லாமல் வந்து நின்றதும், வேலை போய்விட்டதோ என்றுதான் முதலில் பயந்தாளாம்.

இன்றும் எங்கள் வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வந்தாலும், “எக்ஸ்ரே எங்கே?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். வள்ளி மட்டும் சிரிக்க மாட்டாள். “நான் உள்ளே வரைக்கும் பார்த்துட்டுத்தான் கழுத்தை நீட்டினேன். உங்கள்ல யாருக்கு அந்தக் கொடுப்பினை?” என்பாள்.